சனோபர் அக்கா வீட்டுப் பூநாரை

வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டுதான் சனோபர் அக்கா பேசுவாள். கோகந்த் நகர பஜாருக்குப் பின்னால், எங்கள் தெருவில், கார் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் தொழில். ஐம்பத்து நான்கு வயது. பெரிய, சிவந்த கைகள். காரை நிறுத்தும் ஆண்கள் வாசலோடு நின்று உறையை வாங்கிப் போவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

மூன்று முறை கர்ப்பம் கலைந்ததும் புருஷன் வீட்டார் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் பார்வை குழந்தைகளுக்கு ஆகாது என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. "நான் தைச்சதுமேல ஊரே உக்காருது. என் பக்கத்துல உக்காரத்தான் ஆளில்ல" என்பாள், ஊசிகள் அசையாமல்.

எதிர்வீட்டுக்காரி ஹொசியத் தன் பேரனைத் தொட்டிலில் போட்டபோது தெரு முழுக்க விருந்து. சனோபருக்கு மட்டும் ஒரு தட்டு புலாவ் வாசலுக்குப் போனது. கொண்டுபோனவள் நான்தான்.

"தட்டைக் கழுவித் தரட்டுமா? இல்ல, நான் தொட்டதுன்னு தூக்கிப் போட்டுடுவீங்களா?"

தட்டை அவள் கையில் வைத்துவிட்டு வேகமாகத் திரும்பிவிட்டேன்.

நவம்பர் மாதம், மூடுபனி விலகாத ஒரு காலையில், அவள் தோட்டத்து வாய்க்காலில் ஒரு பூநாரை நின்றது. கூட்டத்தை விட்டுத் தவறி, ஒரு சிறகு தொங்க, மாதுளைச் செடிகளுக்கு நடுவே வெளிறிய ரோஜா நிறத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அதை நேரில் பார்த்தவர் எவருமில்லை. சனோபர் அக்கா பஜாருக்கு ஓடி, மீன்தொட்டிக்குப் போடும் உலர்ந்த சிற்றிறால் வாங்கிவந்து, ஊறவைத்து, அதன் முன்னால் வைத்தாள்.

மத்தியானத்துக்குள் தெருவே அவள் தோட்டத்தில் இருந்தது. இருபது வருஷமாக அந்த நிலைப்படியை மிதிக்காத கால்கள். அது அதிர்ஷ்டப் பறவை என்று யாரோ சொல்ல, இறகு வேண்டும் என்றார்கள் சிலர். அவள் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். கோப்பைகள் போதாமல் என் வீட்டிலிருந்து கொடுத்தேன்.

ஹொசியத் பேரனோடு வந்தாள். படம் எடுக்கக் கை வேண்டுமே. சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற சனோபரிடமே பிள்ளையை நீட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் பிடிங்க. பறவை பக்கத்துல நில்லுங்க. உங்க முகம் மட்டும் விழ வேணாம், அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

சனோபர் அக்கா பிள்ளையை இடது கையில் சாய்த்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். ஹொசியத் பத்துப் படம் எடுத்தாள். அத்தனை நேரமும் குழந்தை அந்தக் கையில் நிம்மதியாகத் தூங்கியது.

நாலாம் நாள் பறவை செத்துப்போனது. "கண்ணு பட்டுடுச்சு" என்றது தெரு. யார் கண் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. தோட்டம் பழையபடி காலியானது. சனோபர் அக்கா ஒருத்தியே குழி தோண்டிப் புதைத்தாள்.

மறுநாள் ஹொசியத் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல். டாக்டர் ஊசி போட்டும் இறங்கவில்லை. ஹொசியத் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போய் சனோபர் அக்கா வாசலில் நின்றாள். கண்ணேறு கழிய, பார்த்தவளின் துணியைக் கொஞ்சம் எரித்துப் புகை போடவேண்டும்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. அன்னைக்குப் போட்டிருந்த துணியில ஒரு துண்டு…"

சனோபர் அக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "குடிக்கத் தண்ணி குடுக்கறீங்களா பிள்ளைக்கு? அடிக்கடி குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த உடையைக் கொண்டுவந்தாள். துவைக்கவே இல்லை, மடித்து வைத்திருந்தாள். கத்தரிக்கோலைத் திறந்தாள். குழந்தையின் தலை சாய்ந்திருந்த இடது கைத்துணியை மெல்ல ஒதுக்கிவிட்டு, வலது கைத்துணியின் நுனியை வெட்டி ஹொசியத்திடம் நீட்டினாள்.