பயித்தங்கொடிக்கு ஊன்றிய கம்பு

மரக்கறி விலை தாறுமாறாக ஏறிக் கிடந்த சமயம், மூன்று நான்கு வருஷங்களுக்கு முன்பு, ருவான்வெல்லையில் நடந்தது இது. நான் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மரக்கறி போட்டிருந்த துண்டு நிலத்தைத் தோட்டத்துக்காரர்கள் திரும்ப எடுத்து இறப்பர் கன்று நட்டுவிட்டார்கள். தினமும் சோறும் சம்பலும் தின்று என் பிள்ளைகள் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார்கள். ஒரு கீரைத் தண்டுகூட இல்லாமல் அடுப்பு மூட்டுகிற எரிச்சல் இருக்கிறதே, அது சமைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

கடைவீதிக்குப் போகிற வழியில் ஒரு முஸ்லிம் அம்மாவின் வீடு. கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தார். வீட்டுக்குப் பின்னால் நல்ல கறுப்பு மண், ஆள் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒருநாள் வெட்கத்தை விட்டு, அவர் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் போய் நின்று கேட்டேன். எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டு, "செய்யுங்க மகள், சும்மாதானே கெடக்குது" என்றார். அவ்வளவுதான்.

பால் நிறுத்துக் கொடுத்ததும் மண்வெட்டியோடு ஓடுவேன். குசினி வாசலில் குரல் கொடுத்து, அவர் சரி என்ற பிறகுதான் பின்னால் போவேன். கத்தரி, வெண்டி, நான் கொத்திய துண்டின் ஓரமாக ஒரு வரிசை பயித்தை. கொடி வீசத் தொடங்கியதும் அவசரத்தில் ஒரு முட்டாள் வேலை செய்தேன். வேலிக்கு நடுகிற கிளிசீரியாக் கம்புகளை வெட்டி, காயப்போடாமல் பச்சையாகவே ஊன்றிவிட்டேன். எங்கள் பக்கத்து மழையைக் கேட்கவா வேண்டும்! கொடி ஏறுவதற்குள் அத்தனை கம்பும் துளிர்த்து, காணிக்குக் குறுக்கே பச்சை வேலி போட்ட மாதிரி நின்றன.

ஊரில் காணிச் சண்டை எல்லாம் வேலியில்தான் ஆரம்பிக்கும். அந்த அம்மாவின் தம்பி, கேகாலையில் கடை வைத்திருப்பவர், அக்காவைப் பார்க்க வந்தவர் கண்ணில் இது பட்டுவிட்டது. "இண்டைக்கி வேலி, நாளைக்கி ஊடு" என்று என் முன்னாலேயே சொன்னார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவள் என்ற பேரும் எனக்கு வந்து சேர்ந்ததே என்று ஓடிப்போய்க் கம்பைப் பிடித்தேன். சத்தியமா வேலி இல்லீங்க ஐயா, கொடிக்கு ஊன்டுன கம்புங்க என்று அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தேன். பூவும் பிஞ்சுமாக இருந்த கொடியும் சேர்ந்து அறுந்து வந்தது. கொடி போனால் போகட்டும், இந்த மண்ணும் போய்விட்டால் பிள்ளைகளுக்கு மறுபடியும் சம்பல்தானே என்றுதான் அழுகை.

அந்த அம்மா செருப்புக்கூடப் போடாமல் சேற்றில் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "புடுங்காதீங்க மகள், இரிக்கட்டும்" என்றார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, "சரி, வேலிண்டே வெச்சுக்கோ. வேலி இரிந்தா கேட் ஒண்டும் வேணுமே. ரோட்டுப் பக்கமா வெச்சுக் குடு. இவ என்ட குசினி வாசல்ல நிண்டு கேட்டுக் கேட்டு வரத் தேவையில்ல" என்றார்.

தம்பியின் முகம் நன்றாகச் சுருங்கியது. ஆனாலும் அடுத்த வாரமே ஆள் அனுப்பித் தகரக் கேட் ஒன்று போட்டுக் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காணி இன்றைக்கும் அவர்களுடையதுதான், அதில் எனக்கு எந்த ஆசையும் இல்லை. ஆனால் பரம்பரை பரம்பரையாக அடுத்தவன் மண்ணில் கேட்டுக் கேட்டே கால் வைத்த எங்கள் குடும்பத்தில், யாரிடமும் கேட்காமல் ஒரு கேட்டைத் திறந்து உள்ளே போகிற முதல் ஆள் நான் என்று நினைக்கும்போது, இப்போதும் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.