தண்ணீர் ஜாடியில் வாடாத பூக்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை வாடாமல்லி என்றுதான் கூப்பிடுவோம். உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் நான்கு நாள். விடுப்பு ஒன்றுகூட இல்லை. ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். வயது நாற்பத்தாறு, படிக்கிற மகள்கள் இருவர். இதற்கு முன் பத்தொன்பது வருடம் பூக்கடையில் வேலை.

பூவுக்கு வயதாகும்போது அதன் செல்கள் தாமாகவே சாகத் தொடங்கும். இதழுக்குள் சில நொதிகள் உருவாகி, அங்குள்ள புரதத்தைத் துண்டு துண்டாக்கும். அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்து ஒன்றைக் கார்னேஷன் பூக்களில் எங்கள் ஆய்வாளர் அம்மா சோதித்தார். மருந்து ஜாடி ஆறு, வெறும் தண்ணீர் ஜாடி ஆறு, ஜாடிக்குப் பன்னிரண்டு பூ. மருந்து ஜாடிகளை அவரே பார்த்துக்கொண்டார். தண்ணீர் ஜாடிகள் வாடாமல்லியின் பொறுப்பு. காலை பத்து மணிக்கு வாடியவற்றை எண்ணிச் சொல்வார்கள், நான் பதிவேட்டில் எழுதுவேன்.

"தன்னைத் தானே வெட்டிக்குமா? யாரு சொல்லி?" என்று வாடாமல்லி ஆய்வாளரிடம் கேட்டார்.

"யாரும் சொல்ல வேண்டாம்க்கா. அதுக்குள்ளயே எழுதியிருக்கு."

"நல்லா எழுதினாங்க, போங்க!"

எட்டாம் நாள் மருந்து ஜாடிகளில் முப்பத்தொரு பூ வாடியிருந்தது. தண்ணீர் ஜாடிகளில் இரண்டே இரண்டு. மறுபடி செய்தோம்; அதே கதை.

"லேபிளை மாத்தி ஒட்டிட்டீங்களாக்கா?"

"இல்ல மேடம்... இல்லன்னுதான் நினைக்கிறேன்."

"மூணாவது தடவையும் இப்படி வந்தா, உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி என்னால எழுத முடியாது."

மறுநாள் வாடாமல்லி என்னிடம் சொன்னார்: "வீட்டுக்காரர் சிரிக்கிறாரு அண்ணே. பூ வாடலன்னு வேலை போற ஒரே ஆளு நீதான்கிறாரு." சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் சுற்றின் எட்டாம் நாள் மருந்து ஜாடிகளில் முப்பத்து மூன்று, தண்ணீரில் ஒன்று. பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். வாடியவற்றுக்குக் கட்டம் போட்டிருந்த நான், மொத்தப் பூவுக்குப் போடவில்லை. போய்த் தண்ணீர் ஜாடிகளின் பூக்களை எண்ணினேன். எழுபத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்பது.

பக்கத்திலேயே நின்றேன். வாடாமல்லி தண்ணீர் ஊற்றியபடி சின்னவளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவில்லை, கண்ணும் அங்கே இல்லை. இரண்டு விரல் மட்டும் போய், தலை தொங்கிய ஒரு பூவைக் கிள்ளி மேலங்கிப் பைக்குள் போட்டது.

"பையில என்னம்மா?"

கையை விட்டவர் ஒரு பிடி இதழை எடுத்தார். "ஐயய்யோ, இது எப்ப வந்துச்சு?"

அவரேதான் போய் ஆய்வாளரிடம் சொன்னார். "கடையில வாடினது கண்ணுல படக்கூடாது மேடம். கை பழகிடுச்சு."

ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கிள்ளிய இருபத்து மூன்றைச் சேர்த்தாலும் இருபத்து நான்குதான், மருந்து ஜாடிகளைவிடக் குறைவு. "வாடின பூ விடுற வாயு பக்கத்துப் பூவையும் சீக்கிரம் வாட வைக்கும். என் மருந்து தோத்துச்சா, உங்க விரல் ஜெயிச்சுச்சா? எனக்கே புரியலக்கா."

"அப்ப என் வேலை?"

"இன்னும் ஆறு தண்ணி ஜாடி வைக்கிறேன். வாடினதைக் கிள்ளி எண்ணணும், அதுதான் உங்க வேலை. முடியட்டும், நிரந்தரத்துக்கு எழுதித் தரேன்."

புது ஜாடிகளின் ஐந்தாம் நாள், காலை பத்து மணி. வாடாமல்லி கையை நீட்டினார், இழுத்தார், மறுபடி நீட்டினார்.

"அண்ணே, இது வாடினதா?"

"நான் எழுதுறவன். நீங்கதான் சொல்லணும்."

குனிந்து பார்த்தார். ஜாடியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். மணி பத்து நாற்பது.

"பார்த்துக் கிள்ளுன்னா தெரியலையே அண்ணே," என்றார்.