சிவப்பு அங்கி

ஓமான் நாட்டுச் சலாலாவில் நான் வேன் ஓட்டியது ஒரு சின்னக் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துக்கு. வாடகை வில்லாதான் பள்ளி. ஹாலில் யுகேஜி, சமையலறையில் ஸ்டாஃப் ரூம், காலை ஜெபத்துக்கு வாசல் தென்னைமர நிழல். கிறிஸ்துமஸ் விழா வந்தால் நான்தான் தாத்தா. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த ஒரே பதவி அது.

அந்த வருஷம் ஆபீஸ் வேலைக்கு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மணி மணியான இங்கிலீஷ்.

"இந்தத் தடவை அவர் தாத்தாவா வரட்டும் தம்பி. நீ பிள்ளைங்கள ரொம்பக் கேலி பண்ற," என்றார் தலைமை சிஸ்டர்.

"தாத்தான்னா கேலி பண்ணாம ஜெபமா பண்ணுவாரு சிஸ்டர்?"

சிஸ்டர் சிரிக்கவில்லை.

வயிறு எரிந்துகொண்டிருக்கும்போதே யாழ்ப்பாணத்துக்காரர் தாடியைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார். "தம்பி, இதை எப்பிடிக் கட்டுறது? மூக்குக்குள்ள பஞ்சு போகுது."

"போகட்டும்ண்ணே. நாலு தும்மல் போட்டாத்தான் அசல் தாத்தா."

கடைசியில் நானே கட்டிவிட்டேன். எனக்கு முழங்காலோடு நின்றுவிடும் அந்தச் சிவப்பு அங்கி, அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது.

விழாவில் பாடினார், இங்கிலீஷில் வாழ்த்தினார். பக்கத்து வீட்டு ஓமானிக் கிழவருக்குக்கூட மிட்டாய் கொடுத்தார். ஒரு குழந்தையும் அழவில்லை. என் காலத்தில் நாலைந்தாவது அழும். பெற்றோர் கைதட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே, தூசியே இல்லாத கண்ணாடியை வேனில் உட்கார்ந்து துடைத்தேன்.

அப்பா கட்டட சைட்டிலும் அம்மா ஆஸ்பத்திரி டியூட்டியிலும் இருந்ததால், யுகேஜிக் குட்டி ஒருத்தி மட்டும் என்னோடு திரும்பினாள். மடியில் பரிசு, பிரிக்காமலே இருந்தது.

"அங்கிள், சான்டாவுக்கு என் மேல கோவமா?"

"ஏன் பிள்ள?"

"லாஸ்ட் இயர், 'வேன்ல தூங்கி ஜொள்ளு விடுத பொண்ணு நீதான'ன்னு கேட்டாரு. இப்ப ஒண்ணுமே கேக்கல. ஜஸ்ட் ஹேப்பி கிறிஸ்துமஸ்."

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஆடலாம் போல இருந்தது எனக்கு. அவர் போலி என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"தாத்தாவுக்கு வயசாயிட்டுல்லா, மறந்திருப்பாரு."

"நெக்ஸ்ட் இயர் ஞாபகம் வருமா?"

"நீ ஜொள்ள நிறுத்தாம விடு. கண்டிப்பா வரும்."

வெள்ளி லீவு முடிந்து பள்ளி திறந்ததும் முதல் வேலையாக இதை சிஸ்டரிடம் சொன்னேன், ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, கொஞ்சம் சத்தமாகவே. சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அடுத்த வருஷம் அங்கி யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.