துக்கக்காரிக்கு மூன்று சீட்டு

ஸுஹைரின் வலது கால் எப்போதும் எதையாவது மிதித்துக்கொண்டிருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எங்கள் ஊர் இர்பிதில் பாதிப்பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதன்முதலாகக் கிளட்சை விட்டு வண்டியை உதறவைத்திருக்கிறார்கள். பயிற்சி வண்டியில் அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் வஹீபின் விளையாட்டுக் கடையில் ‘ஏழு வாசல்’ சீட்டுப் போட்டிக்கு நடுவராக உட்காரும்போது அந்த பிரேக் இருக்காது. கால் அதை ஒப்புக்கொள்வதில்லை. யாராவது மடத்தனமான சீட்டை நோக்கி விரல் நீட்டினால் குதிகால் ஊன்றும், முன்பாதம் மெல்ல இறங்கும், கடைசியில் ஷூவின் மடிப்பில் ஒரு கிறீச். முகம் மட்டும் கல்லாக இருக்கும். விதி மீறப்பட்டால் நடுவர் சொல்லலாம். ஆட்டக்காரரின் மடத்தனத்தைச் சொல்லக் கூடாது. நாங்கள் சீட்டு வைக்கும் முன் மேசைக்கு அடியில் குனிந்து பார்க்க ஆரம்பித்ததும், காலை ஒரு அட்டைப்பெட்டிக்குள் மறைத்துக்கொண்டார். அப்போதும் பெட்டி அசைந்தது.

நாற்பதைத் தாண்டியவர். அந்த வசந்தத்தில்தான் ஒருவழியாகக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் அஜ்லூனில் கணக்கு ஆசிரியை. அவளுடைய தகப்பன் கறாரான ஆள். பெண் கேட்டு வந்த இரண்டு கூட்டத்தைத் திருப்பி அனுப்பியவர். ஊர்த் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அபூ ஸனத் தலைமையில் பெரியவர்கள் போனால் மட்டும் மறுக்க மாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அபூ ஸனத்தும் சனிக்கிழமை போகலாம் என்று சம்மதித்திருந்தார். வாயே திறக்காத ஸுஹைர் இதை எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ரகசியமாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை, எங்கள் இறுதியாட்டம். ஏழாவது வாசலை முதலில் திறப்பவருக்கே வெற்றி. வெல்பவருக்கு துபாய் போட்டியில் ஓர் இடம். ஒரு பக்கம் கால்நடை மருத்துவம் படிக்கும் தீமா. எதிரே லுவாய், அபூ ஸனத்தின் தங்கை மகன். நான் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தேன். கதவருகே அபூ ஸனத் இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார், மடியில் பெரிய குனாஃபா இனிப்புத் தட்டு. மருமகன் ஜெயிப்பான் என்று முன்கூட்டியே வாங்கியது.

தீமாவின் பக்கம் மேசையில் மூன்று ‘காவலர்’ சீட்டுகளும் ஒரு ‘துக்கக்காரி’ சீட்டும் இருந்தன. கூட இருக்கும் காவலர் ஒருவர் விழுந்தால் துக்கக்காரியின் ஆட்டக்காரர் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். லுவாய் ‘மணற்புயலை’ இறக்கினான். மேசையில் இருந்த நால்வரும் ஒரே வீச்சில் காலி.

“மூணு சீட்டு எடுக்கறேன்” என்றாள் தீமா.

“எதுக்கு? உன் துக்கக்காரியே செத்துட்டா. செத்தவ எப்படி அழுவா?” லுவாய் கையைத் தூக்கினான். “நடுவர்!”

ஸுஹைர் எழுந்து வந்து பார்த்தார். “நாலு பேரும் ஒரே நொடியில விழுந்தாங்க. மத்தவங்க விழறப்ப அவளும் அங்கதான் இருந்தா, பாத்தா. மூணு சீட்டு. ஆட்டத்தைத் தொடருங்க.”

அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் இரண்டு பேர் குரல் உயர்ந்தால் மூன்றாவது ஆளால் உட்கார முடியாது. பக்கத்துக் கடையில் செல்போன் உறை விற்பவர்கூட உள்ளே வந்து, “என்ன, யாரு யாரை அடிச்சா?” என்றார். அபூ ஸனத் தட்டை நண்பரின் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

“ஸுஹைர், மகனே. பையன் ஒண்ணும் கிடையாதுங்கறான். பொண்ணு மூணுங்கறா. ஒண்ணு குடுத்துரு. ரெண்டு பேருக்கும் மனக்குறை இல்ல.”

“அபூ ஸனத், இது கிணத்துத் தகராறு இல்ல. இது விதி.”

“விதியை எவனோ ஒருத்தன்தானே எழுதினான்?”

“ஆமா.”

“அவனுக்கு இங்க யாரையாவது தெரியுமா?”

அட்டைப்பெட்டியை விட்டு வந்திருந்ததால் ஷூ கிறீச்சிட்டது எல்லோருக்கும் கேட்டது. ஸுஹைர் போனை எடுத்து அம்மானிலிருக்கும் தலைமை நடுவரை அழைத்தார், எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார். அந்த மனிதர் ஏதோ மென்றுகொண்டே, “மூணு. இதுக்கெல்லாமா கூப்பிடுவ?” என்றார்.

“யார் வீட்டுப் பிள்ளை இவரு?” என்றார் அபூ ஸனத்.

“தெரியாது.”

“ஸல்த் ஊர்க் குரல். இவங்க பெரியப்பா எனக்குப் பழக்கம். நம்பரைக் குடு, நான் பேசிக்கறேன்.”

“பெரியப்பா என்ன பண்ணுவாரு? சீட்டுல இருக்கறதை அழிப்பாரா?”

இந்த நேரம் பார்த்து, சூழ்நிலையைத் தணிக்கிறேன் பேர்வழி என்று வஹீப் காபி கொண்டுவந்தான். அவனை என்ன செய்தாலும் தகும். அபூ ஸனத் ஒரு கோப்பையை எடுத்தார். உதட்டுக்குக் கொண்டுபோகாமல், விழுந்த காவலர்களுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். அதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டது கிடைக்கும்வரை இனி அவர் அதைத் தொட மாட்டார். நிலத் தகராறுக்கும் ரத்தப் பழிக்கும் வைக்கிற கோப்பை. அதை ஒரு மணற்புயலுக்கு வைத்துவிட்டார்.

“கோப்பையை எடுங்க” என்றார் ஸுஹைர். “சீட்டு நனைஞ்சிடும்.”

“மாமா, விடுங்களேன், மானம் போகுது” என்றான் லுவாய், காது சிவக்க.

“நீ பேசாதே. உனக்காகத்தான் பேசிட்டிருக்கேன்.”

தீமா கையிலிருந்த சீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஸுஹைரிடம் சொன்னாள்: “உஸ்தாத், எனக்கு ஒண்ணு போதும். முடிச்சிடலாம்.”

“பாத்தியா, நல்ல வீட்டுப் பொண்ணு!” என்றார் செல்போன் உறைக்காரர். நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

ஸுஹைருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. “உனக்குப் போதுமான்னு யாரு கேட்டா? நீ விட்டுக்கொடுக்க இதென்ன உன் வளையலா? மூணு எடுக்கணும்னு இருந்தா மூணுதான் எடுக்கணும். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு வேலை. அதையும் ஆளுக்கொரு கை பிடிச்சு ஓட்டினா எப்படி?”

பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்: “உஸ்தாத், நாளைக்கு. நாளைக்கு.”

அவருக்குக் கேட்டது. கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆவி வருவது நின்று, காபியின்மேல் மெல்லிய ஆடை படிந்துகொண்டிருந்தது. பிறகு சீட்டுக்கட்டைத் தீமாவின் பக்கம் நகர்த்தினார்.

“மூணு.”

அபூ ஸனத் கோப்பையை அங்கேயே விட்டுவிட்டார். மேலங்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியேறினார். நண்பர்களும் போனார்கள், குனாஃபா தட்டை மறக்காமல் தூக்கிக்கொண்டு. தீமா மூன்று சீட்டு எடுத்தாள், அடுத்த முறையே ஜெயித்தாள். யாரும் கைதட்டவில்லை.

சனிக்கிழமை காலை அபூ ஸனத்துக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முதலாளி தலைமையில் போனார்கள். பெண்ணின் தகப்பன் வாசலிலேயே, “அபூ ஸனத் எங்க?” என்று கேட்டாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். கோடை முழுக்க யோசித்தார். திராட்சை பழுத்து, பறித்து, அதன்பிறகுதான் சம்மதம் வந்தது. அந்தக் கோடையில் ஸுஹைரிடம் பயிற்சிக்குப் போனவர்கள் பாவம். “மூணா ஒண்ணான்னு கேட்டாங்க, சொன்னேன். வேற என்ன பண்ணேன்? பிரேக்கை மிதி!” என்று சிக்னலுக்குச் சிக்னல் கத்துவாராம்.

மழைக்காலத்தில் ஒருநாள் பேருந்துக்காகக் காத்திருந்தபோது தீமாவிடம், அன்றைக்கு எடுத்த மூன்றும் என்னென்ன என்று கேட்டேன்.

“ஞாபகமில்ல. அதுல எதையும் நான் இறக்கவே இல்லயே. ஏழாவது வாசலைத் திறக்கிற சீட்டு முன்னாடியே கையில இருந்துச்சு. ஒண்ணுகூட எடுக்காட்டியும் ஜெயிச்சிருப்பேன்.”

“அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “லுவாய் எதிர்லயே உக்காந்திருந்தான். கையில என்ன இருக்குன்னு யாராவது சொல்லுவாங்களா?”