பெயரில்லாத பிள்ளைக்கும் ஒரு குளிசை

முஃபீதா பாலாவி அகதி முகாமுக்குள் இறங்கி நடந்தால் ஒலிபெருக்கி தேவையில்லை. கண்பார்வை காக்கும் விற்றமின் ஏ குளிசை கொடுக்கும் நாளென்றால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீடு வீடாகக் கூவிப் பள்ளிவாசல் முற்றத்தில் சேர்ப்பது அவள் வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் அவளுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

யுத்தம் முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் சனம், காணியும் வீடும் கிடைக்குமென்று அங்கே பேரைப் பதிந்துவிட்டு, இங்கேயே குடியிருந்தது. முஃபீதாவும் அப்படித்தான். பக்கத்து வீட்டு நஸ்ஹா தொடங்கி முகாமில் பலருக்கும் பெரிய சட்டத்தரணி மாதிரி புத்தி சொன்னவளும் அவள்தான்.

"இங்க கிளினிக்ல புள்ளட பேரக் குடுத்திராத. மன்னார்ப் பதிவில பேர வெட்டிப்போடுவாங்க."

நஸ்ஹா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குளிசை நாளில் யார் கேட்டாலும், "மன்னார்ல குடுத்தாச்சு" என்று கதவைச் சாத்தினாள். மன்னாருக்கு அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதோ ஒரேயொரு முறை, அதுவும் பதிவதற்கு. முஃபீதாவும் அந்தப் பேச்சை நம்பி அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுவாள்.

ஒருநாள் பொழுதுபட, மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லும் நேரம். நஸ்ஹாவின் மூன்றரை வயது மகள் றிஸ்மினா முற்றத்து வாளியில் மோதி விழுந்தாள். எழுந்தவள், காலடியில் கிடந்த செருப்பைக் கையால் தடவித் தேடினாள். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"கண்ண எங்க வெச்சிட்டு நடக்கிறாய்?" என்று நஸ்ஹா சிரித்தாள்.

முஃபீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொழுதுபட்டால் கண் தெரியாமல் போவதுதான் முதல் அடையாளம், கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடும் என்று பயிற்சியில் சொன்னது நெஞ்சில் இடித்தது. என் வாய்தானே இந்தப் பிள்ளையைக் கெடுத்தது என்று குமைந்தாள்.

விடிந்ததும் தாயையும் மகளையும் இழுத்துக்கொண்டு மருத்துவமாது அனஸ்தாசியாவிடம் போனாள்.

"மிஸ்ஸி, பேர் குடுக்க வேணாமெண்டது நான்தான். ஏசுறண்டா என்னய ஏசுங்க."

அனஸ்தாசியா ஏசவில்லை. பிள்ளையின் கண்ணை டோர்ச் அடித்துப் பார்த்தாள். குளிசையின் நுனியை வெட்டி, உள்ளிருந்த மஞ்சள் எண்ணெயை நாக்கில் பிழிந்தாள். ஆஸ்பத்திரிக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

"இங்க மருந்து குடிச்சா அங்க ஒருத்தரும் பேர் வெட்டமாட்டாங்க, முஃபீதா. போய் எல்லாருக்கும் சொல்லுங்க."

சொல்லவா வேண்டும்! "நான் சொன்னது பிழை! புள்ளயளக் கொண்டு வாங்க!" என்று முகாமின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தொண்டை கிழியக் கத்தினாள். தன் பிழையை இவ்வளவு சத்தமாக ஒத்துக்கொண்ட ஆளை முகாம் அதுவரை கண்டதில்லை. அடுத்த குளிசை நாளில், 'மன்னார்ல குடுத்தாச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்த பதினொரு வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நின்றன.

அதற்கும் முன்பே, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து இரண்டு கிழமை ஆனபோது, மறுபடி ஒரு மஃரிப் நேரம். அவசரமாகக் கடைக்குக் கிளம்பிய முஃபீதாவை முற்றத்தின் அந்தப் பக்கமிருந்து றிஸ்மினா நிறுத்தினாள்.

"பெரியும்மா, உங்கட ஒரு செருப்பு நீலம், மத்தது செவப்பு!"

முஃபீதா குனிந்து பார்த்தாள். உண்மைதான்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கண் கலங்கிவிட்டது. செருப்பை மாற்றாமல் அப்படியே கடைக்குப் போனாள், வழியில் கண்டவருக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு.