பரோட்டாக் கையும் பெருங்காய டப்பாவும்

அடுத்தவர் எதைச் சாப்பிடக் கூடாது என்பதை மனப்பாடமாக வைத்திருப்பதுதான் என் தொழில். குற்றாலத்துக்குப் போகும் வழியில் ஓர் இயற்கை உணவு நிலையத்தில் ஒன்பது வருடம் சமையல்காரனாக இருந்தேன். சமையல்காரன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்தச் சமையலறையில் அடுப்பே கிடையாது. பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. கோதுமை, மைதா, ரவை வாசலுக்குள்ளேயே வரக் கூடாது. வீட்டில் ஒருவருக்கு உப்பில்லாமலும் இன்னொருவருக்குச் சர்க்கரை இல்லாமலும் தனித்தனியாக ஆக்கிப் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

என் மனைவி கோமதியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வேலைநாள் காலையில். மேலகரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று, எனக்காகத் தூக்குச்சட்டியில் அரிசிப் புட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மத்தியான ரசத்துக்காக நான் பெருங்காயத்தில் துளி கிள்ளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினேன். படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "டப்பாவை நல்லா மூடிட்டுப் போங்க. வீடெல்லாம் நாறுது."

மூடினேனா என்று ஞாபகம் இல்லை. பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. நெஞ்சடைப்பு. அத்தனை வருடமும் நாங்கள் காவல் காத்தது அவள் வயிற்றை.

சுரண்டைக்காரர் பார்த்த கை

நிலையத்துக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் செங்கோட்டை ரோட்டில் பரோட்டா மாஸ்டர். மைதாவைப் பிசைந்து, வீசி, சுருட்டி, கல்லில் போட்டுத் தட்டியதுதான் வாழ்க்கை. வீட்டில் கோமதி மெலிந்துகொண்டே வந்தாள். எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பும், பிறகு போகும். ரத்தம் இல்லை, தெம்பு இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் திருநெல்வேலியில் ஒரு டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, அவளுக்குக் கோதுமை ஆகாது, ஆயுசுக்கும் ஒரு துளி தொடக் கூடாது, அதன் தூசிகூட ஆகாது என்றார். நான் அப்போது தலைமுடியில் மைதாவோடு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவர் வயிறுதான் மற்றவருக்குக் கவலை. மறுமாதமே கடையை விட்டுவிட்டு, கோதுமை வாடையே இல்லாத ஒரே சமையலறையாக எனக்குத் தெரிந்த இந்த நிலையத்தில் சேர்ந்தேன். முதல் வாரத்தில் உடம்பு குறைக்க ஒரு சுரண்டைக்காரர் வந்தார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர், நல்ல ஆகிருதி. மூன்றாவது நாள் அவர் தட்டில் வெள்ளரிக்காய் வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தார். முன்பு வாராவாரம் குடும்பத்தோடு என் கல்லுக்கு வந்தவர். கண் கலங்கியேவிட்டது அவருக்கு. மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டர், எத்தனை பரோட்டா வீசுன கை. இந்தக் கையா எனக்கு வெள்ளரிக்கா நறுக்குது?"

ஆச்சியின் யோசனை

தென்காசியிலிருந்து ஓர் ஆச்சி மூட்டுவலிக்காக வந்து தங்கினார். பழைய நிலபுலன் உள்ள குடும்பம், நாலு தலைமுறையாக முட்டை நுழையாத வீடு. எங்கள் நிலையம் சைவம் என்று கேள்விப்பட்டு நிம்மதியாக வந்தவர், சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் தயிர் கேட்டார். பால் மாட்டுக்குரியது, ஆகவே இங்கே தயிர் கிடையாது என்று, நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். நாலு தலைமுறைச் சைவம் ஒரு கிண்ணத்தில் அசைவமாகிவிட்டதை ஆச்சியால் நம்ப முடியவில்லை.

பதிலுக்கு, நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்த எங்கள் தயிரைக் கொடுத்தேன். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். இரண்டு நாள் கழித்துப் பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். கார் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏய்யா, நான் போற வழியிலே சாமிகிட்டயும் சொல்லிருதேன், இனிமே நிலக்கடலைப் பால்தான்னு."

வெந்நீர்

சாரல் காலத்தில் பச்சை உணவு சாப்பிடுவது எவ்வளவு பெரிய தவம் என்பதை அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். பல் தந்தியடிக்க வந்து நிற்கிறவர்களுக்கு நான் வெண்பூசணிச் சாறு நீட்டுவேன். வாங்கும்போது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஒரு நாள் பாதிப் பேரைக் காணோம். தேடிப் போனால், பின்பக்கம் காவலாளி கொட்டகையில் மூன்று செங்கல் வைத்து ஒரு சட்டி கொதிக்கிறது. நம் விருந்தாளிகள் ஆளுக்கொரு டம்ளரோடு வரிசையில் நிற்கிறார்கள். எனக்குப் பின்னாலேயே டாக்டரம்மா வந்துவிட்டார். சட்டிக்குள் எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். காவலாளி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அடக்கமாகச் சொன்னார்: "வெந்நீர்தான் அம்மா. காத்துல நாலு தேயிலை பறந்து வந்து விழுந்துட்டு."

என் வயிற்றைத் தருகிறேன்

ஒருமுறை சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேருக்கும் கோதுமை ஆகாதாம். டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, அவர்களாகவே விட்டுவிட்டார்களாம், முகம் பளபளப்பாகுமாம். அறையைப் பெருக்கப் போன பெண் கட்டிலுக்கடியில் பிஸ்கட் உறை கிடந்ததாகச் சொன்னாள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் பளபளப்பாகத்தான் இருந்தது.

கோமதிக்குத்தான் குணமாகவில்லை. வீட்டில் கோதுமையின் நிழல் விழுந்து இரண்டு வருடமாகிவிட்டது. தனிச் சட்டி, தனிக் கரண்டி. ஆனாலும் வயிறு உப்பத்தான் செய்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. திருநெல்வேலி டாக்டர் ஒவ்வொரு தடவையும், எங்கேயோ உள்ளே போகிறது, நன்றாகத் தேடுங்கள் என்பார். நான் தேடிக்கொண்டே, உப்புசத்துக்காக மூன்று வேளையும் மோரில் பெருங்காயம் கலக்கிக் கொடுத்தேன். சிட்டிகை போதாதென்று கரண்டியாக்கினேன். நடுவில் ஆலங்குளத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு நான் நாலு நாள் போயிருந்தேன். அந்த நாலு நாளும் அவள் வெறும் கஞ்சியும் உப்பும் சாப்பிட்டுக் கிடந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. ஓய்வு கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மறுபடி மோர் கலக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சென்னைக்காரர்களைப் பற்றிச் சொன்னபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அவ்வளவு ஆசைன்னா என் வயித்தைத் தாரேன், எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

டப்பாவைத் திருப்பிய பெண்

புனலூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் அம்மாவோடு வந்தாள். கோமதிக்கு இருந்த அதே வியாதி. நிலையத்துக்கு வந்தவர்களில் நிஜமாகவே கோதுமை ஆகாத ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அவள்மேல் தனி அக்கறை. முளைகட்டிய பயறு வாயு என்பதால் அவள் தட்டில் பெருங்காயத்தூளைத் தாராளமாகவே தூவினேன். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். டாக்டரம்மா என்னைக் கேட்டார். என் சமையலறையில் கோதுமை இல்லை என்று சத்தியம் செய்தேன்.

கொஞ்சம் தெளிந்ததும் அந்தப் பெண் சமையலறைக்கு வந்தாள். அலமாரியில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் படித்தாள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்; கோமதிக்கு நோய் என்று தெரிந்தபின், பாக்கெட்டைப் படிப்பதற்காகவே இங்கிலீஷ் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவன். பிஸ்கட், சத்து மாவு, சாஸ் பாட்டில் எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுப் படித்துத்தான் ஒதுக்கினேன். பெருங்காய டப்பாவை மட்டும் திருப்பியதே இல்லை. பெருங்காயத்தில் பெருங்காயம்தானே இருக்கும். அவள் அதைத் திருப்பினாள். என்னிடம் நீட்டி, குறை சொல்லும் குரலாக இல்லாமல், விஷயத்தைச் சொல்லும் குரலில் சொன்னாள்: "அங்கிளே, இதில் கோதம்பு உண்டு."

கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். கோதுமை மாவில்தான் பெருங்காயத்தைக் கலந்து தூளாக்குகிறார்கள். அச்சடித்தே இருந்தது. எங்கள் வீட்டிலும் அதே டப்பாதான்.

நாலு நாள் கணக்கு

அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். வழியில் தென்காசி நாட்டுமருந்துக் கடையில் கலப்பில்லாத பால் பெருங்காயம் கேட்டு, கடைக்காரரை மூன்று தடவை சத்தியம் செய்ய வைத்து வாங்கினேன். பிசின் மாதிரி இருந்தது. கடையிலிருந்து வீடு வரை பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கோமதியை உட்கார வைத்து, பழைய டப்பாவைத் திருப்பிக் காட்டி, எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். இரண்டு வருடமாக நானே கரண்டி கரண்டியாகக் கொடுத்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவள் டப்பாவை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். விரல் மடக்கி எண்ணுகிறவள் மாதிரி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அதான் நீங்க ஆலங்குளம் போயிருந்த நாலு நாளும் என் வயிறு நல்லாருந்துச்சா?"

மோர் மாறியது. மூன்றாம் மாதம் வளையல் மணிக்கட்டுக்கு இறங்கியது. ஆறாம் மாதம் ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. பல வருடத்துக்குப் பிறகு ஐந்தருவிக்கு வந்து, சாரலில் நடுங்கி, ஈரத்தலையோடு தேநீர் குடித்தாள். அப்படி ஐந்து வருடம் இருந்தாள். நான் வெளியூர் கிளம்பும்போதெல்லாம், வயிற்றைத் தடவிக்கொண்டு, எத்தனை நாள் என்று சந்தோஷமாகக் கேட்பாள்.

இன்னின்னது ஆகாது என்று ஊருக்கெல்லாம் தட்டில் வைத்துச் சொன்னவன் வீட்டில் இப்போது மிச்சம் இருப்பது கால் டப்பா பால் பெருங்காயம். நன்றாக மூடித்தான் வைத்திருக்கிறேன், வீடெல்லாம் நாறுகிறது.