ஊருணிக்கு மேல் கார்கள்

நேற்று மழை விட்டதும் அம்மாவை மானகிரிப் பக்கம், பாரம்பரியம் என்று போர்டு வைத்த ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். காரை நிறுத்தியதும் சிமெண்ட் கற்களின் இடுக்கிலிருந்து பாசி வாசனை வந்தது. முன்பு அங்கே ஊருணி இருந்தது.

திருநெல்வேலியில் எங்களுக்குத் தேங்கிய தண்ணீரெல்லாம் குளம்தான், இறங்கிக் குளிப்போம். வடக்கே அதையே ஏரி என்பார்கள். அப்பாவுக்கு மாற்றலாகி இங்கே வந்த பிறகுதான் வயலுக்குப் பாய்வது கண்மாய், குடிக்க மொள்வது ஊருணி என்று தெரிந்தது. அதுவும் முதல் நாளே, "குளம் எவ்வளவு தெளிவா கெடக்கு" என்றபடி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கிய பிறகு. தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெண்களின் பேச்சு நின்றது. ஒருத்தி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "தெரியாம எறங்கிட்டீக. இது ஊருணி, குடிக்கிற தண்ணி. செருப்பக்கூட அங்குட்டு ரோட்டுலயே விட்ருவோம்."

பிறகு வந்த காலைகளெல்லாம் குடம் நிறையும் சத்தமும், வடிகட்டும் துணியின் ஈரமும், வெறுங்காலுக்குச் சில்லென்ற படிக்கல்லுமாகவே எனக்குள் கிடக்கின்றன.

நேற்று காரைவிட்டு இறங்கும்போது அம்மா செருப்பைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு, ஈரக் கற்களின் மேல் வெறுங்காலோடு நடந்தாள்.